நட்சத்திர வாடிக்கையாளரின் ஈரச் சாக்கு

நல்ல இன்டர்நெட் வேண்டுமென்றால் டவருக்குப் பக்கத்தில் குடியிருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்த ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். வாக்குவாதம் வேண்டாம். நான் டவருக்குப் பக்கத்தில் குடியிருப்பவன், பெயர் வளவன். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டிய தெருவில் இரண்டாம் மாடி. மொட்டை மாடியில் ஏறி நின்றால் எதிர்ச் சந்தில் அலைச்சுடர் பிராட்பேண்ட் கம்பெனியின் டவர் நிற்கிறது. நூறு மீட்டர்கூட இருக்காது. அதில் வந்து உட்காரும் காக்கைகளில் எது நொண்டி என்று என்னால் சொல்ல முடியும்.

அலைச்சுடர் இணைப்புக்குக் கம்பி கிடையாது. டவர் காற்றில் அனுப்பும், நம் மாடியில் ஒரு சின்ன டிஷ் அதைப் பிடித்துக்கொள்ளும். பாதாளச் சாக்கடைக்காக எங்கள் தெருவைத் தோண்டியதில் மண்ணுக்குள் இருந்த கேபிள் எல்லாம் கந்தலாகிவிட்டதால் எனக்கு வேறு வழியும் இல்லை. டிஷ் மாட்ட வந்தவர் டவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "குடுத்து வச்சவர் சார் நீங்க" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அன்றைக்கு.

எனக்கு இன்டர்நெட் தேவைப்பட்டது வாரத்தில் அரை மணி நேரத்துக்கு. சனிக்கிழமை நாலரையிலிருந்து ஐந்து வரை.

என் மகள் யாழினிக்கு எட்டு வயது. அவள் அம்மா அனுசுயாவும் நானும் பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. குழந்தை அம்மாவோடு பெங்களூரில் இருக்கிறாள். வழக்கு முடியும் வரை வாரம் ஒருமுறை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்று கோர்ட் சொன்னது. ஆரம்பத்தில் செல்போனில்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை வேலையிலிருந்து வரத் தாமதமாகி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி பேசிவிட்டேன். பெற்ற மகளோடு பஸ் ஹாரனுக்கு நடுவில் பேசுகிறவர் எப்படிப்பட்ட தகப்பன் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். கேள்வி நியாயமானது, அதுதான் கொடுமை.

உத்தரவு திருத்தப்பட்டது. இனிமேல் வீட்டில், உட்கார்ந்த நிலையில், கோர்ட்டில் பதிவு செய்த வீட்டு இணைப்பிலிருந்து மட்டுமே பேச வேண்டும். பாதியில் எழுந்து போகக் கூடாது. என் பக்கத்தில் தொடர்ந்து மூன்று வாரம் அறுந்தால் அடுத்த விசாரணை வரை சந்திப்பே கிடையாது. கோர்ட் ஆலோசகர் ஷரபுன்னிசா மேடம் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார்.

முதல் வாரம் யாழினி திரைக்குக் கிட்டே வந்து, "அப்பா, பல்லு விழுந்துடுச்சு பாரு" என்று வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. பல் விழுந்த இடம்கூடத் தெரியவில்லை, கட்டம் கட்டமாக ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. எழுந்து போகக் கூடாது என்பதால் இருபத்தாறு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு மேடத்திடமிருந்து மெசேஜ் வந்தது. துண்டிப்பு, தந்தை தரப்பு, ஒன்று.

புகார் கொடுத்தேன். மறுநாளே டெக்னீஷியன் செபஸ்தியான் வந்தார். நாற்பது வயதிருக்கும், முகத்தில் முந்தின நாள் களைப்பும் சேர்ந்திருந்தது. மாடிக்குப் போய் டிஷ்ஷைப் பார்த்துவிட்டுப் போனைத் தட்டினார்.

"சார், ஒங்க சிக்னல் எவ்வளவு தெரியுமா? மைனஸ் முப்பத்தெட்டு."

"மைனஸா?" என்றேன்.

"பயப்படாதீங்க. இதுல மைனஸ் எவ்வளவு கம்மியோ அவ்வளவு பவர் ஜாஸ்தி. லால்குடி தாண்டி மைனஸ் எழுபத்தஞ்சு வந்தாலே எனக்கு வடை பாயசத்தோட சாப்பாடு போடுவாங்க. எங்க லிஸ்ட்லயே ஒங்க வீடுதான் முதல் இடம்."

"அப்பறம் ஏங்க அறுந்துச்சு?"

அவர் டவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "மழை பேஞ்சா எப்படி வருது சார்?" என்று கேட்டார்.

"மழையில நல்லாத்தான் வருது. போன வாரம் தூறல்ல ஒரு படமே பார்த்தேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, "புகார்னு வந்தா பவரை ஏத்தணும், அதுதான் எங்க நடைமுறை" என்று சொல்லி மைனஸ் முப்பத்தைந்துக்கு ஏற்றினார். கடைசியாக என்னை டிஷ் பக்கத்தில் நிற்க வைத்து, கட்டை விரலைத் தூக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோ இல்லாமல் புகாரை மூட முடியாதாம். பழைய புகாரை மூடாமல் புதுப் புகார் கொடுக்கவும் முடியாதாம். அடுத்த புகாருக்கு வழி வேண்டுமே என்று விரலைத் தூக்கினேன்.

இரண்டாவது வாரம் இரண்டு நிமிஷம் வந்தது. "அப்பா, நீ ஏன் அப்பப்ப செலையாயிடற?" என்று யாழினி கேட்டாள். அவள் திரையில் நான் உறைந்து போயிருந்திருக்கிறேன். அதை அவள் ஏதோ விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு, "நானும் செலை" என்று கையைத் தூக்கி அசையாமல் நின்றாள். நானும் சிரித்துக்கொண்டே காத்திருந்தேன். நிற்பது அவளா, படமா என்று ரொம்ப நேரம் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது மணி நாலே முக்கால். துண்டிப்பு, தந்தை தரப்பு, இரண்டு.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, சத்திரத்தில் பஸ் மாறிக் காட்டூர் போனேன். அங்கேதான் அலைச்சுடரின் வாடிக்கையாளர் மேன்மை மையம் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் சுவர் முழுக்க நீல எழுத்தில், 'இன்னும் கொஞ்சம் ஏற்றுவோம்' என்று எழுதியிருந்தது. சிக்னல் மேன்மை அதிகாரி சித்தார்த்தன் எழுந்து நின்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வளவன் சார்தானே? மைனஸ் முப்பத்தஞ்சு. ஒங்களைப் பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை."

"ஒரு பழுது விஷயமா வந்தேங்க."

"பழுதுங்கற வார்த்தையைப் போன வருஷமே எடுத்துட்டோம் சார். இப்ப வளர்ச்சி வாய்ப்புன்னுதான் சொல்றோம். போன வருஷம் நாலாயிரம் பழுது இருந்துச்சு. இந்த வருஷம் ஒண்ணுகூட இல்ல."

"வாய்ப்பு எத்தனை இருக்கு?"

"ஒன்பதாயிரம்" என்றார். குரலில் அவ்வளவு மகிழ்ச்சி.

நான் கதையை முழுக்கச் சொன்னேன். மகள், கோர்ட், மூன்று வாரம், அதில் இரண்டு போய்விட்டது, இன்னும் ஒன்றுதான் பாக்கி. இணைப்பில்தான் கோளாறு, இந்த ஆள் மேல் தப்பில்லை என்று கோர்ட்டுக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கும் பொண்ணு இருக்கு சார். ஒரு தகப்பனா சொல்றேன், கோளாறுன்னு என் கையால எழுத மாட்டேன். அது பொய். ஒங்க மகளுக்காக நான் என்ன செய்ய முடியும்னா, இன்னும் ரெண்டு ஏத்தறேன்."

என் கண்ணெதிரிலேயே மைனஸ் முப்பத்து மூன்றுக்கு ஏற்றினார். கடிதத்துக்குப் பதிலாக ஒரு சான்றிதழ் கொடுத்தார். இரண்டு சனிக்கிழமைகளிலும் மாலை நாலரை முதல் ஐந்து வரை வாடிக்கையாளரின் வீட்டில் சிக்னல் அதிஉன்னதமாக இருந்தது என்று தங்க நிற எழுத்தில் போட்டிருந்தது. பிரேம் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். பஸ்ஸில் தூக்கிப் போகச் சிரமம் என்று சொல்லி வெறும் காகிதமாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

எனக்கு லால்குடி ரோட்டில் வாளாடிப் பக்கம் ஒரு எடைமேடையில் வேலை. நெல், தவிடு, ஜல்லி ஏற்றி வரும் லாரிகளை மேடையில் ஏற்றி எடை போட்டுச் சீட்டு கொடுக்க வேண்டும். மேடை அறுபது டன் வரை தாங்கும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கருங்கல் ஏற்றிய ஒரு டிரெய்லர் வந்து ஏறியது. எடை காட்டும் பெட்டியில் எண்கள் தாறுமாறாக ஓடின. அப்புறம் எண்ணே இல்லை, வெறும் கோடுகள்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, ஒண்ணுமே காட்டல. அப்ப வெயிட்டே இல்லன்னு சீட்டு போட்டுருங்க."

"வெயிட் இல்லாம இல்லய்யா, மேடை தாங்கல. பாதியை எறக்கிட்டு வா, சரியா காட்டும்" என்றேன்.

சொன்னவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பத்து வருஷமாக இதே வாக்கியத்தை வாரம் நாலு தடவை சொல்கிறேன். என் வாயிலிருந்தே வந்த வார்த்தை என் காதில் விழ இத்தனை நாள் ஆகியிருக்கிறது, மடையன்.

சாயங்காலம் செபஸ்தியானுக்குப் போன் செய்தேன். டியூட்டி முடிந்து வந்தவர் வீட்டுக்குள் வராமல் படிக்கட்டிலேயே நின்றார்.

"பவர் ஜாஸ்தியாகித்தான் எனக்கு அறுந்து போகுது. சரியா?"

அவர் கீழே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார். "நீங்களாக் கண்டுபிடிச்சது சார். நான் சொன்னதா இருக்க வேணாம். காதுகிட்ட வந்து கத்துனா என்ன சொல்றாங்கன்னு வெளங்குமா? இவ்வளவு பக்கத்து டவருக்கு மைனஸ் அம்பத்தஞ்சு, அறுபது போதும். எங்கள்ல எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சா குறைங்களேன்."

போனைக் காட்டினார். ஏற்றுவதற்குப் பச்சையாக ஒரு பொத்தான் இருந்தது. இறக்குவதற்கு இருந்த பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. அதை அழுத்தக் காட்டூரிலிருந்து ஒரு ரகசிய எண் வர வேண்டுமாம்.

"அதோட இன்னொண்ணு இருக்கு சார். என் பேர்ல இருக்கற வீடுங்களோட சராசரி சிக்னல்தான் எனக்கு மார்க். ஒங்க வீடு ஒண்ணுதான் என்னைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. ரெண்டு மார்க் கொறைஞ்சா மணப்பாறைப் பக்கம் மாத்திடுவாங்க. பசங்க ரெண்டு பேரும் இங்க ஸ்கூல் படிக்குதுங்க." போனைப் பையில் போட்டுக்கொண்டு, "நான் அன்னைக்கு மழையைப் பத்திக் கேட்டேன்ல சார். அதை நெனைச்சுப் பாருங்க. அதுக்கு மேல நான் சொல்லக் கூடாது" என்றார்.

என்ன இருந்தாலும் நான் சட்டப்படி நடக்கிறவன். வியாழக்கிழமை மறுபடியும் லீவு, மறுபடியும் காட்டூர். பவர் தாழ்த்தல் விண்ணப்பம் என்று ஒன்பது பக்கம் கொடுத்தார்கள். முதல் கேள்வி, 'எங்கள் மேன்மையைத் தாங்கும் தகுதி தங்களுக்கு எவ்வகையில் இல்லை என்பதை விளக்குக.' டவருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன் என்று எழுதினேன். இரண்டாவது கேள்வி, 'தங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இக்குறை உண்டா?' எனக்குக் குடும்பமே வாரத்தில் அரை மணி நேரம்தான், அதற்குத்தான் இந்த விண்ணப்பம் என்று எழுதிவிட்டுப் பிறகு அடித்துவிட்டேன்.

சித்தார்த்தன் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு என்னை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சார், இந்தக் கம்பெனி ஆரம்பிச்சு ஆறு வருஷத்துல ஒரு வீட்டுலகூட நாங்க பவரை இறக்கினது கிடையாது. ஏன்னா யாரும் கேட்டதில்ல. யாரும் ஏன் கேக்கல? ஏன்னா அப்படி ஒண்ணு இருக்குன்னு நாங்க யார்கிட்டயும் சொன்னதில்ல. இதுலேர்ந்தே தெரியலையா, மக்களுக்கு எது வேணும்னு?"

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சும்பாங்களே சார்."

"அது அமிர்தத்துக்கு. நாம இப்ப சிக்னலைப் பத்திப் பேசறோம்."

விண்ணப்பத்தைக் குழு பரிசீலிக்கும், குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும், போன வாரம்தான் கூடிக் கலைந்தது என்றார். எனக்கு நாளை மறுநாள் சனிக்கிழமை. அவர் காலில் விழுந்தால் என்ன என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாற்காலியிலிருந்து பாதி எழுந்தும்விட்டேன். அவர் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டு தானும் எழுந்து கை குலுக்கினார்.

"ஒங்க மனசு எனக்குப் புரியுது. கவனிப்பு போதலைன்னு வருத்தம். அதுக்குத்தான் ஒரு சந்தோஷமான சேதி வச்சிருக்கேன். மைனஸ் முப்பத்து மூணு எங்க வரலாற்றுலயே அதிகம். இந்த வருஷத்து நட்சத்திர வாடிக்கையாளர் நீங்கதான். சனிக்கிழமை வீட்டுக்கே வந்து பொன்னாடை போத்தறோம். டிஷ்ஷுக்கும் ஒரு மாலை. நாலே முக்காலுக்கு, நல்ல நேரம்."

"சார், அந்த நேரத்துலதான் என் மகள்கிட்ட பேசணும். தயவு செஞ்சு வராதீங்க."

"வேண்டாம்னு சொல்றவங்களுக்குத்தான் சார் தகுதி இருக்கு" என்று சொல்லி நோட்டில் என் பெயரை எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது செபஸ்தியான் சொன்ன மழையை யோசித்தேன். மழை பெய்தால் நன்றாக வருகிறது. ஏன்? தண்ணீர் குறுக்கே நின்று பாதியை இறக்கி வைக்கிறது. சித்திரை மாசம், வெயில் கொளுத்துகிறது, மழைக்கு எங்கே போவது? என் மாடிக்கு மட்டும் அரை மணி நேரம் போதும் என்று வெள்ளிக்கிழமை காலை ரங்கநாதரிடம் கேட்டுவிட்டு வந்தேன். அவர் படுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். ஆனாலும் அவரை மட்டும் நம்ப வேண்டாம் என்று, ரைஸ் மில்லிலிருந்து ஒரு கோணிச் சாக்கு வாங்கி வந்தேன்.

நான்காக மடித்து, வாளியில் ஊற வைத்து, சொட்டச் சொட்ட டிஷ் முகத்தில் போட்டுச் சணல் கயிற்றால் கட்டினேன். செபஸ்தியான் தான் இருந்த இடத்திலிருந்தே எண்ணைப் பார்த்துப் போனில் சொன்னார், மைனஸ் ஐம்பத்தேழு. கையில் கடிகாரத்தோடு வெயிலில் நின்று பார்த்தேன். சாக்கு காய்ந்து எண் பழையபடி ஏற முப்பத்தெட்டு நிமிஷம் ஆனது. எனக்கு முப்பது போதும். மாடியில் யாரும் இல்லாததால் கொஞ்ச நேரம் அழுதேன்.

சனிக்கிழமை நாலு இருபத்தெட்டுக்குச் சாக்கைக் கட்டிவிட்டு இறங்கி ஓடி வந்து உட்கார்ந்தேன். நாலரைக்கு யாழினி வந்தாள். அப்படி ஒரு தெளிவு. நெற்றியில் ஒட்டியிருந்த முடி தெரிந்தது, பின்னால் சுவரில் அவள் ஒட்டிய ஸ்டிக்கர் தெரிந்தது. வாயைத் திறந்து காட்டினாள். விழுந்த இடத்தில் அரிசி முனை அளவுக்குப் புதுப் பல் எட்டிப் பார்த்தது.

"அப்பா, இன்னிக்கு நீ செலையாகவே இல்ல" என்றாள்.

"இனிமே ஆக மாட்டேன்டா."

ஸ்கூலில் நடந்ததைச் சொன்னாள். பக்கத்தில் உட்காரும் பெண் ரப்பரைக் கடித்துத் தின்றுவிட்ட கதையை இரண்டு தடவை சொன்னாள். மூலைக் கட்டத்தில் ஷரபுன்னிசா மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

நாலே முக்காலுக்குப் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. நாலைந்து பேர். கதவைத் தட்டினார்கள். எழுந்து போகக் கூடாது. நான் சிரித்த முகத்தை மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். "சார் பேசிக்கிட்டு இருக்கார்போல. முதல்ல டிஷ்ஷுக்கு மாலையைப் போட்டுருவோம்" என்று சித்தார்த்தனின் குரல் கேட்டது. காலடிகள் மேலே ஏறின.

எங்கள் வீட்டுக் கூரையில் ஓர் எறும்பு நடந்தாலும் கீழே கேட்கும். சித்தார்த்தன் போனைப் பார்த்து அலறியது நன்றாகக் கேட்டது. "அம்பத்தேழுக்கு விழுந்துடுச்சுய்யா. எவனோ சாக்கைப் போட்டு அமுக்கியிருக்கான்."

"சார், விட்டுருங்க சார்." அது செபஸ்தியான். "அஞ்சு மணி வரைக்கும் மட்டும் விட்டுருங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"நட்சத்திரம்யா இது. அம்பத்தேழுல போட்டோ எடுத்துத் தலைமை ஆபீஸுக்கு அனுப்பச் சொல்றியா?"

இங்கே யாழினி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் திரைக்குக் கிட்டே வந்தாள். "அப்பா, ஒண்ணு சொல்லணும். அம்மாகிட்டகூடச் சொல்லல. கிட்ட வா."

நான் திரையை முகத்தால் தொடும் அளவுக்குக் குனிந்தேன். அவள் ரகசியம் சொல்வதற்காகக் கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். அந்த நேரம் என் ஜன்னலுக்கு வெளியே அந்த ஈரச் சாக்கு மேலேயிருந்து விழுந்து தெருவுக்குப் போயிற்று. யாழினி அப்படியே நின்றாள். சிலை விளையாட்டாக இருக்கும் என்று நினைக்கப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

அவர்கள் இறங்கி வந்து, சாத்தியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். மணி ஐந்து ஆகவில்லை, நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த நிலையிலேயே எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சித்தார்த்தன் என் தோளில் கை போட்டு, "பயப்படாதீங்க சார், சரி பண்ணிட்டோம், மறுபடியும் முப்பத்து மூணு" என்றார். போட்டோவில் எனக்குப் பின்னால் யாழினி வாய்க்குப் பக்கத்தில் கையை வைத்தபடி இருக்கிறாள். செபஸ்தியான் வாசலிலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

ஷரபுன்னிசா மேடம் நல்லவர். மூன்றாவது துண்டிப்பை எழுதிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. திங்கட்கிழமை போன் செய்தார்.

"வளவன் சார், பதினஞ்சு நிமிஷம் நல்லாப் பேசினீங்க, நானே பார்த்தேன். இணைப்புலதான் கோளாறுன்னு ஒரு காகிதம் இருந்தாப் போதும், நான் ஜட்ஜ்கிட்ட எடுத்துச் சொல்றேன். கம்பெனிக்கு நானே எழுதிக் கேக்கறேன்."

எழுதினார். வாடிக்கையாளர் புகாருக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் அலைச்சுடர், கோர்ட்டுக்குப் பத்தே நிமிஷத்தில் பதில் அனுப்பியது. மூன்று சனிக்கிழமைகளுக்கும் தங்க எழுத்தில் சான்றிதழ். கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு நான் நிற்கும் போட்டோ. பொன்னாடை போட்டோ. அதோடு ஒரு குறிப்பு. 'மூன்றாம் வாரம் வாடிக்கையாளரே ஈரச் சாக்கால் சிக்னலைத் தடுத்திருந்தார். எங்கள் குழு நேரில் விரைந்து தடையை அகற்றியது.'

மகளோடு பேசாமல் தப்பிப்பதற்காகத் தன் வீட்டு இணைப்பைத் தானே சாக்குப் போட்டு மூடிய தகப்பன் என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுதிக் கொடுத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். சிக்னல் ரொம்ப நன்றாக இருந்ததால்தான் பேச முடியவில்லை என்று சொல்லிப் பாருங்கள், உங்களுக்கே உங்கள் மேல் சந்தேகம் வந்துவிடும். செபஸ்தியானைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று என் வக்கீல் சொன்னார். அவருடைய பிள்ளைகளின் ஸ்கூல் ஞாபகம் வந்தது, வேண்டாம் என்றேன். அடுத்த விசாரணை ஆவணியில். அதுவரை சந்திப்பு இல்லை, போனும் இல்லை. அம்மாவிடம்கூடச் சொல்லாத அந்த விஷயம் என்னவென்று தினமும் யோசிக்கிறேன். அவள் ஆவணி வரை அதை மனதில் வைத்திருப்பாளா, வேறு யாரிடமாவது சொல்லிவிடுவாளா, மறந்தே போய்விடுவாளா என்று தெரியவில்லை.

ஆடி பிறந்து இரண்டாம் நாள் காட்டூரில் குழு கூடி, என் விண்ணப்பத்தை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. வெள்ளிக்கிழமை செபஸ்தியான் ரகசிய எண்ணோடு வந்தார். மாடிக்குக்கூட ஏறவில்லை, வாசலில் நின்றே சாம்பல் நிறப் பொத்தானை அழுத்தினார். மைனஸ் ஐம்பத்தெட்டு. மொத்தம் அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கட்டை விரல் போட்டோ கேட்கவில்லை. "மன்னிச்சுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. நாலரைக்குக் கால்கள் தானாகவே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டன. லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். திறந்ததுமே வீடியோ அழைப்பு வந்தது. சட்டென்று எடுத்தேன். சித்தார்த்தன்.

"வணக்கம் சார். பவர் தாழ்த்தின முதல் வாடிக்கையாளர் நீங்கதான். திருப்தி எப்படி இருக்குன்னு ஒரு சின்னக் கருத்துக் கணிப்பு. இருபத்தெட்டுக் கேள்வி, அரை மணி நேரத்துல முடிச்சிடலாம். படம் ஒறைஞ்சு நிக்குதா?"

"இல்லைங்க."

"குரல்?"

"நல்லாக் கேக்குதுங்க."

அவர் கேட்டார், நான் சொன்னேன். ஒரு தடவைகூட அறுபடவில்லை. மூலைக் கட்டத்தில் யாரும் இல்லை, என்னை எழுந்து போகக் கூடாது என்று சொல்வாரும் இல்லை, ஆனாலும் ஐந்து மணி வரை எழுந்திருக்கவில்லை. கடைசியாக, "முன்னாடிக்கு இப்ப வித்தியாசம் தெரியுதா சார்?" என்று கேட்டுவிட்டு வாய் நிறையச் சிரித்தார். மேல் வரிசையில் எத்தனை பல், கீழ் வரிசையில் எத்தனை பல் என்று என்னால் எண்ண முடிந்தது.